மஞ்சள் கரிசலாங்கண்ணி: ராமநாதபுரம் கடற்கரை மணலில் வளர்ப்பது எப்படி

நட்ட ஒரே மாதத்தில் தரை தெரியாமல் படர்ந்துவிட்டது, இலை தடித்துப் பளபளக்கிறது, உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் வாடவில்லை. உங்கள் வீட்டு மஞ்சள் கரிசலாங்கண்ணி இப்படி இருந்தால் மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் மஞ்சள் கரிசலாங்கண்ணியாக இருக்காது.

இந்தக் கடற்கரையில் இந்தச் செடியைப் புதிதாக வளர்க்க வருகிறவர்கள் இரண்டு இடங்களில்தான் வழுக்குகிறார்கள். ஒன்று, செடி மாறிப்போவது. இன்னொன்று, தண்ணீரின் உப்பு. உரம், பூச்சி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

செடியை அடையாளம் காண்பது

மஞ்சள் கரிசலாங்கண்ணி, சூரியகாந்தியும் செவ்வந்தியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. சித்த வைத்தியத்தில் பொற்றலைக் கையாந்தகரை என்பார்கள். தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா; பழைய பட்டியல்களில் வெடேலியா சைனென்சிஸ் என்றிருக்கும். ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். தரையோடு படர்ந்து, மண்ணில் படும் ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும். இலைக் கக்கத்திலிருந்து நீளக் காம்பு எழும்பி, அதன் நுனியில் ஒற்றை மஞ்சள் பூ பூக்கும்.

வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணி வேறு செடி. அது ஓராண்டுப் பூண்டு. வாய்க்கால் ஓரம் தானாக முளைக்கும், தண்டைக் கசக்கினால் சாறு கறுக்கும். அதோடு இதை யாரும் குழப்பிக்கொள்வதில்லை, பூ நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

குழப்பம் இன்னொரு மஞ்சள் பூவால் வருகிறது. ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்ற அந்தச் செடியின் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். அழகுக்காகச் சாலை நடுத்திட்டிலும் விடுதித் தோட்டங்களிலும் தரைப்போர்வையாக நடுகிறார்கள். பூவைப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். நர்சரிகளில் இதுவே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரில் கை மாறுவதுண்டு. விற்பவருக்கும் பல நேரம் தெரிந்திருக்காது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இடம்பிடித்த செடி இது. உப்பைத் தாங்கும், கிள்ளிப் போட்ட துண்டிலிருந்தும் முளைக்கும், பக்கத்தில் வேறெதையும் வாழவிடாது.

பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். அந்நியச் செடியின் முற்றிய இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும்: நடுவில் ஒரு பெரிய மடல், இருபுறமும் காது போல இரண்டு சிறு மடல்கள். தடிப்பாக, மேலே பளபளப்பாக இருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் கிடையாது. விளிம்பு மழுக்கமாகவோ, ஓரிரண்டு ஆழமில்லாத பற்களோடோ இருக்கும். விரலால் தடவினால் இரு பக்கமும் குட்டை முடிகள் சொரசொரவென்று தட்டும். இளங்கொழுந்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அந்நியச் செடியிலும் இளம் இலையில் மடல் தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம். ஒரு முழத் தண்டாவது இருக்கும் செடியாகப் பார்த்து, கீழிலைகளைச் சோதித்து வாங்குங்கள். இது வாய்க்குள் போகிற கீரை. ஐயம் இருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது.

தவறான செடி ஏற்கெனவே வந்துவிட்டதா? வேரோடு பிடுங்கி, மொட்டைமாடி சிமெண்ட் தரையில் பரப்பி, ஒடித்தால் சருகாக நொறுங்கும்வரை வெயிலில் காயவிட்டு எரித்துவிடுங்கள். ஓடையிலோ மணல்மேட்டிலோ உரக்குழியிலோ போட்டால் அங்கே ஒரு தோட்டம் போட்டதற்குச் சமம்.

தண்ணீரை அளப்பது

நல்ல செடி ஈரத்தை விரும்பும், உப்பை விரும்பாது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் ஈரமும் உப்பும் ஒன்றாகத்தான் கிடைக்கும் என்பதுதான் சங்கடம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நாக்கில் வைத்துப் பார்ப்பதை நம்பாமல் அதை வாங்கிவிடுங்கள். பாசன நீருக்கான பொது அளவுகோல் இது: 450 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 450 பங்கு உப்பு) வரை கவலையே இல்லை, 450 முதல் 2000 வரை கவனித்துக் கையாள வேண்டிய தண்ணீர், 2000-க்கு மேல் கடும் கட்டுப்பாடு. மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு 1000-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 1000 முதல் 1500 வரை உள்ள தண்ணீரை மழைநீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். அதற்கு மேல் இருந்தால் தரையில் நடும் எண்ணத்தை விட்டுவிட்டு, தொட்டியில் இரண்டு செடி வையுங்கள்.

ஒருமுறை அளந்தால் போதாது. மணல் பகுதிகளில் மழைநீர் உள்ளிறங்கி, கடல்நீர் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் இப்படி. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் ஆபத்து புரியும்: மோட்டாரை ஓயாமல் ஓட்டி மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், உப்புநீர் அடியிலிருந்து பல மடங்கு மேலேறப் பார்க்கும். மணலில் ஊற்றுத் தோண்டி மேலாக அகப்பையால் கோரி எடுக்கிற பழக்கத்தின் அறிவு இதுதான். ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தால் ஒரே மூச்சில் 1 மணி நேரம் ஓட்டாமல், காலையும் மாலையும் 10 நிமிடம் ஓட்டுங்கள்.

அளக்கும்போது மோட்டார் 10 நிமிடம் ஓடியபின் வரும் தண்ணீரைப் பிடியுங்கள். தை மாதம் ஓர் அளவு, வைகாசியில் ஓர் அளவு எழுதி வையுங்கள். மழை முடிந்த தையில் 700 காட்டிய கிணறு, வைகாசியில் இரட்டிப்பாகக் காட்டினாலும் வியப்பில்லை. செடியின் விதியைத் தீர்மானிப்பது வைகாசி அளவுதான்.

வீட்டில் ஆர்ஓ இயந்திரம் இருந்தால், அது வெளியே தள்ளும் கழிவுநீரை இந்தச் செடிக்கு ஊற்றாதீர்கள். உப்பைத் திரட்டித் தள்ளுவதுதான் அந்தக் குழாயின் வேலை. ஏசி பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் நேர்மாறு. அதில் உப்பே கிடையாது. கீழக்கரை போன்ற ஊர்களில் மாடிக்கு மாடி ஏசி ஓடும் வீடுகளில் இது ஒரு நாளைக்கு ஒரு வாளியாவது தேறும், வீணாகத்தான் போகிறது.

மண்

மண்ணின் உப்பையும் அதே மீட்டரால் பார்க்கலாம். ஒரு தம்ளர் உலர்ந்த மண்ணுக்கு 5 தம்ளர் மழைநீர் அல்லது ஆர்ஓ குடிநீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை அளந்து பாருங்கள். மணலாக இருந்தால் 150 பிபிஎம், வண்டலாக இருந்தால் 300 பிபிஎம் வரை நடலாம். மணலுக்கு எல்லை ஏன் குறைவு என்றால், மணல் பிடித்துவைக்கும் தண்ணீர் கொஞ்சம். அதே அளவு உப்பு அந்தக் கொஞ்சத் தண்ணீரில் கரையும்போது வேருக்குக் கடுமையாகப் படும்.

புதியவர்களுக்கு 4 அடி அகலம், 10 அடி நீளமுள்ள ஒரு பாத்தி போதும். இரு பக்கமும் நின்று கை எட்டும் அகலம் 4 அடிதான். பாத்தியை 9 அங்குல ஆழத்துக்குக் கொத்திவிட்டு இவற்றைக் கலக்குங்கள்:

கண்மாய் வண்டல் 16 பாண்டுச் சட்டி
நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது ஆட்டுப்புழுக்கை உரம் 6 சட்டி, சுமார் 30 கிலோ
வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ

வண்டல் ஆடம்பரம் இல்லை. வெறும் மணலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியம் வேருக்குக் கீழே போயிருக்கும். ஆனால் கரையை ஒட்டிய கண்மாய்களின் வண்டலிலேயே உப்பு இருக்கலாம். வண்டி ஏற்றும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தம்ளர் சோதனை செய்யுங்கள். வண்டல் அள்ள அரசு அனுமதி தேவை, கிராம நிர்வாக அலுவலரிடம் விவரம் கேட்டு, அனுமதி பெற்றபின் இறங்குங்கள். ஆட்டுப்புழுக்கையைப் புதிதாகப் போடக் கூடாது. சூட்டில் இளவேர் கருகும். 3 மாதம் மக்கியது வேண்டும்.

பாத்தியைத் தரைக்கு மேலே மேடாக்குவதா, கீழே தாழ்த்துவதா என்று கேட்பவர்களுக்கு: மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் போன்ற மணற்பாங்கான இடங்களில் சுற்றுத் தரையைவிட 3 அங்குலம் தாழ்வாக வையுங்கள், ஈரம் நிற்கும். களிமண்ணும் களர் நிலமும் உள்ள பக்கங்களில் 6 அங்குலம் உயர்த்துங்கள். அங்கே தாழ்வான பாத்தி, ஐப்பசி மழையில் குளமாகிவிடும்.

தேங்காய் நார்க் கழிவு சேர்க்கும் ஆசை இருந்தால், முதலில் கழுவுங்கள். உவர்நீரில் மட்டை ஊறவைத்த இடத்திலிருந்து வந்த நார்க் கழிவில் உப்பு ஏறியிருக்கும். மூழ்க நன்னீர் விட்டு, 1 நாள் ஊறவைத்துப் பிழிந்து, அப்படியே 3 முறை. கரையில் ஒதுங்கும் கட்டக்கோரைப் பாசியை அள்ளி வந்து நேரடியாகப் பாத்தியில் மூடாக்குப் போடுவது உப்பை விலைகொடுக்காமல் வாங்குவது. ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் குவித்து நனையவிட்ட பிறகு உரக்குழிக்குக் கொண்டுபோகலாம்.

எப்போது நடுவது

மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வாடைப் பருவத்தில் கிடைக்கிறது. அதை முன்வைத்து நாட்களை அமையுங்கள். புரட்டாசி தொடக்கத்தில் தண்டுகளைப் பையில் பதியம் போடுங்கள். ஐப்பசியில் இரண்டு மூன்று நல்ல மழை இறங்கியபின் பாத்திக்கு மாற்றுங்கள்.

முதல் மழையன்றே நட்டுவிடும் அவசரம் கெடுதி. கோடை முழுக்க மண்ணின் மேற்பரப்பில் பூத்திருந்த உப்பை முதல் மழை கரைத்து, சரியாக வேர்மட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அடுத்தடுத்த மழைகள்தான் அதைக் கீழே தள்ளும். புரட்டாசியைத் தவறவிட்டவர்கள் தையில் நடலாம். கிணறு அப்போதுதான் ஆண்டிலேயே இனிப்பாக இருக்கும். பங்குனிக்குப் பிறகு தொடங்க வேண்டாம்.

தண்டு எடுத்தல், வேர்விடச் செய்தல்

விதையை மறந்துவிடுங்கள். தண்டே போதும். தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று உற்பத்தியைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மல்லிகையைவிட இது எளிது.

நுனிக்கொழுந்தும் வேண்டாம், அடியிலுள்ள முற்றிய கட்டைத் தண்டும் வேண்டாம். கொழுந்து அழுகும், கட்டை தூங்கும். நடுத்தண்டில் 4 கணுக்கள் உள்ள, ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த துண்டுகளாக வெட்டுங்கள். கீழ்க்கணுவுக்குக் கால் அங்குலம் கீழே சாய்வாக வெட்டு விழ வேண்டும். கீழ் இரண்டு கணுக்களின் இலைகளை உருவிவிட்டு, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரியுங்கள். தரையில் படர்ந்த தண்டில் ஏற்கெனவே வேர்விட்ட கணு கிடைத்தால் அதுதான் முதல் தரம். வெட்டியதை ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே ஊன்றிவிடுங்கள்.

பைக்கலவை: கழுவிய மணல் 2 பங்கு, செம்மண் 1, மக்கிய உரம் 1. இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. நிழலில் வைத்து, காலை மாலை தெளித்தால் போதும். இந்தக் கட்டத்தில் மட்டும் உப்பில்லாத தண்ணீரையே பயன்படுத்துங்கள், வேரில்லாத தண்டு உப்பைச் சமாளிக்காது. 12 முதல் 15 நாளில் புதுத்துளிர் வரும். வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கும் கை எல்லோருக்கும் உண்டு. அடக்கிக்கொள்ளுங்கள்.

நம் பாத்திக்கு 1 அடி இடைவெளியில் 4 வரிசை; வரிசைக்குள் 8 அங்குலத்துக்கு ஒரு செடியாக 15. மொத்தம் 60. பட்டுப்போகும் செடிகளின் இடத்தை நிரப்ப 15 சேர்த்து 75 பை போடுங்கள். 25 முதல் 30 நாள் ஆன நாற்றை மாலை வெயில் தாழ்ந்தபின் நட்டு, அடியில் ஒரு செம்பு தண்ணீர் விடுங்கள்.

நிழலும் காற்றும்

முழு வெயிலிலும் இது சாகாது. ஆனால் சித்திரை வெயிலில் இலை சுருங்கி, சிறுத்து, கசப்பேறிவிடும். தென்னைக்கு அடியில் விழும் அசையும் நிழல் மிகப் பொருத்தம். மரம் இல்லையென்றால் 50 சதவீத பச்சை நிழல்வலையை 6 அடி உயரத்தில் மாசி முதல் ஆவணி வரை கட்டி, மழைக்காலத்தில் கழற்றிவிடுங்கள்.

காற்று வேறு கணக்கு. ஏர்வாடி, கீழக்கரை போன்ற தென்கடல் ஊர்களில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஆனி, ஆடியில் உப்புச் சாரலை வாரிக்கொண்டு வரும். தேவிபட்டினம், தொண்டி போன்ற வடகடல் பக்கத்தில் அந்த வேலையை வாடை செய்யும். உங்கள் ஊருக்கு எந்தக் காற்று சாரலோடு வருகிறதோ அந்தப் பக்கம் 4 அடி உயரத்துக்குப் பனையோலைத் தட்டி கட்டுங்கள். ஓலைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். சுவர் போல அடைத்தால் காற்று தாவி, தட்டிக்குப் பின்னால் சுழன்று இறங்கும்; செடிக்கு அடி அதிகம். சாரல் கனமாக அடித்த மறுநாள் விடியற்காலையில் நன்னீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். இலைமேல் தண்ணீர் படலாம் என்பது இந்த ஒரு சந்தர்ப்பத்துக்கு மட்டுமே. உவர்த் தண்ணீரை எப்போதும் அடியில்தான் விட வேண்டும்.

தண்ணீர் விடும் அளவு

கோடையில் இந்த 40 சதுர அடிப் பாத்திக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 லிட்டர், அதாவது 2 பிளாஸ்டிக் குடம். மணலில் காலை 1, மாலை 1 எனப் பிரித்து விடுங்கள். வண்டல் நன்றாகச் சேர்ந்த பாத்தியில் மாலையில் மட்டும் விட்டாலும் தாங்கும். தை, மாசியில் ஒருநாள் விட்டு ஒருநாள். மழை நாளில் வேண்டியதில்லை.

700 பிபிஎம்முக்கு மேற்பட்ட தண்ணீர் என்றால் 15 நாளைக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் 8 குடம் விட்டு உப்பைக் கீழே அலசித் தள்ளுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் பாத்தியை உப்பளமாக்கும் நேர்வழி: தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். மேலே 2 அங்குலத்துக்குக் காய்ந்த இலைச் சருகு மூடாக்குப் போட்டால் ஆவியாவது குறையும்.

என்னென்ன கெடும், ஏன்

இலை விளிம்பு மட்டும் பழுப்பாகக் கருகுவது உப்பு. உரம் போட்டுச் சரிசெய்யப் போகாதீர்கள், உரமும் ஒரு உப்புதான். அலசித் தண்ணீர் விடுங்கள், மீட்டரை எடுங்கள்.

கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணலில் சுண்ணாம்பு அதிகம். மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது. 1 லிட்டர் நல்ல தண்ணீரில் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்ஃபேட்) 5 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். 10 நாள் கழித்து இன்னொரு முறை. தெளித்த பின் 15 நாள் இலை பறிக்க வேண்டாம். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவு, மண்புழு உரம் 3 கிலோ தூவுங்கள்.

மதியம் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். மாலையிலும் துவண்டே கிடந்தால் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. மணல் நிலத்தில் இது சகஜம். அந்தச் செடியை அப்புறப்படுத்தி, குழியில் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு போட்டு, 1 மாதம் கழித்து நடுங்கள். வேர் கறுத்து நாற்றமடித்தால் அழுகல். கார்த்திகையில் வடிகால் இல்லாத பாத்தியில் வரும். மருந்தைத் தேடும் முன் மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் வெட்டுங்கள்.

மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி, 1 லிட்டர் தண்ணீருக்கு. வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் படும்படி. இவை எல்லாவற்றையும்விட விரைவாகப் பாத்தியை முடித்துவைப்பது ஆடு. வேலி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

அறுப்பு

நட்ட 60 முதல் 75 நாளில், மொட்டு எட்டிப் பார்க்கும் சமயம் முதல் அறுப்பு. தரையிலிருந்து 2 அங்குலம் விட்டு, 2 கணுவாவது மிஞ்சும்படி கூரான கத்தியால் அறுங்கள். பிடுங்கினால் கணுவேர்கள் பெயர்ந்துவிடும். அறுத்த அன்று பாத்திக்கு 4 கிலோ மக்கிய உரமும் 2 குடம் தண்ணீரும். அதன்பின் 40 முதல் 45 நாளுக்கு ஓர் அறுப்பு வரும். ஆனி, ஆடியில் சற்றுத் தாமதமாகும். பூ வேண்டுமென்றால் ஒரு வரிசையை அறுக்காமல் விடுங்கள், பட்டாம்பூச்சி வரும்.

இளந்தழையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துக் கடைந்தால் லேசான கசப்போடு நல்ல கீரை. தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் சாற்றின் ஈரம் முழுதும் வற்றும்வரை சிறு தீயில் காய்ச்சட்டும், இல்லையென்றால் எண்ணெய் சிக்கெடுக்கும். நோய்க்கு மருந்தாக உண்ண நினைப்பவர்கள் சித்த மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்வது முறை.

உலர்த்துவதில் கடற்கரைக்கென்று ஒரு தொல்லை உண்டு. நிழலில் 5 முதல் 7 நாள் பரப்பினால் காயும்தான். ஆனால் மாலை 4 மணிக்குமேல் வெளியே விட்டால் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து, மறுநாள் பூஞ்சை வாடை வரும். மாலையில் உள்ளே எடுத்துத் துணியால் மூடி, காலை 9 மணிக்கு மறுபடி பரப்புங்கள். கையில் கசக்கினால் பொடியாக உதிர வேண்டும். வளைந்தால் இன்னும் ஒருநாள். காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள்.

இரண்டாண்டில் பாத்தியின் நடுப்பகுதி கட்டைபாய்ந்து இலை குறையும். அடுத்த புரட்டாசியில் ஓரத்து இளந்தண்டுகளை எடுத்துப் புதுப் பாத்தி போடுங்கள், இடத்தை மாற்றினால் நூற்புழுவும் குறையும். மிஞ்சும் தண்டுகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது முற்றிய இலை இரண்டை விட்டே கொடுங்கள். வாங்குகிறவர்கள் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.